அவ எந்த ஊரு, என்ன மாதிரி ஆளு? வெளிநாட்டு கொலை கேஸும் ஊரே சேந்து தோண்டுற பின்னணியும்

வீட்ட விட்டு கெளம்பும்போது "போயிட்டு வரேன்"னு சொல்றோம். உண்மையிலயே திரும்பி வரப்போறோமான்னு யாரும் கேக்குறதில்ல, பஸ் ஸ்டாண்டுல வழி சொன்ன ஆளுகிட்டகூட "வரேங்க"ன்னு சொல்லிட்டுதான் நடப்போம், துக்க வீட்டுல மட்டும்தான் எதுவும் சொல்லாம எறங்கிப் போவோம். இப்ப தமிழே தெரியாத ஒரு ஊர்ல நீங்க இருக்கீங்கன்னு வச்சிக்கோங்க. ஒருத்தருக்கு அந்த ஊர் பாஷைல இந்த "வரேன்"ன வார்த்தைக்கு வார்த்தை மாத்தி மெசேஜ் அனுப்புறீங்க. அன்னிக்கு ராத்திரி அங்க ஒரு கொலை நடக்குது. போலீஸ் உங்க போன நோண்டிப் பாத்துட்டு "வரேன்னு சொல்லிருக்கியே, எங்க வந்த, யார கூட்டிட்டு வந்த"ன்னு விடிய விடிய கேக்குறாங்க.

கிட்டத்தட்ட இதே மாதிரி நடந்திருக்கு. 2007 நவம்பர்ல, இத்தாலில பெரூஜான்னு ஒரு மலைமேல இருக்குற ஊர்ல. அமண்டா நாக்ஸ்னு 20 வயசு அமெரிக்கப் பொண்ணு, சியாட்டில்ல இருந்து இத்தாலியன் படிக்க வந்தவங்க, சாயங்காலத்துல லே ஷிக்னு ஒரு பார்ல பார்ட் டைம் வேலை. நவம்பர் 1ஆம் தேதி பார் ஓனர் "கூட்டம் இல்ல, இன்னிக்கு வரவேணாம்"னு மெசேஜ் போட, இவங்க இத்தாலியன்ல "அப்புறம் பாக்கலாம், குட் ஈவினிங்"னு பதில் போட்டாங்க. இங்கிலீஷ்காரங்களுக்கு அது சும்மா டாட்டா சொல்ற மாதிரி. இத்தாலியன்ல படிச்ச போலீஸுக்கு அது "இன்னிக்கு ராத்திரி சந்திப்போம்"னு தெரிஞ்சுது. அந்த ராத்திரிதான் அமண்டாவோட அதே வீட்டுல தங்கியிருந்த மெரடித் கெர்ச்சர்ங்குற 21 வயசு பிரிட்டிஷ் மாணவி கழுத்தறுபட்டு செத்துப்போனாங்க.

இந்த கேஸ பத்தி உலகத்துல எழுதாத ஆள் இல்ல. நான் திரும்ப எழுதுறது யாரு கொன்னாங்கங்குற மர்மத்துக்காக இல்ல (அதுக்கு கோர்ட் பதில் சொல்லியாச்சு, கீழ வருது). வெளியூர்ல போய் கொலைப்பழில மாட்டுன ஒருத்தரோட "பின்னணி"ய ஊரே சேந்து எப்படி தயாரிக்குதுன்னு புதுசா யோசிக்கிறவங்களுக்கு சொல்லிக்குடுக்க இத விட தெளிவான உதாரணம் எனக்கு தெரியல. ஆமா, தயாரிக்குதுன்னுதான் சொல்றேன். கண்டுபிடிக்கிறது வேற.

மொதல்ல அடிப்படை. ஒரு கொலை கேஸ்ல ரெண்டு கேள்வி இருக்கு. என்ன நடந்துச்சு, யாரு செஞ்சாங்கங்குறது ஒண்ணு. பிடிபட்ட ஆளு எப்பேர்ப்பட்ட ஆளுங்குறது இன்னொண்ணு. மொத கேள்விக்கு பதில் சொல்றது ரொம்ப கஷ்டம், லேப் ரிப்போர்ட் வரணும், டைம் பாக்கணும், சாட்சி வேணும், மாசக்கணக்கா ஆகும், அதுலயும் பாதிய போலீஸ் வெளிய சொல்ல மாட்டாங்க. ரெண்டாவது கேள்விக்கு யாரு வேணா இப்பவே பதில் சொல்லலாம். ஒரு போட்டோ போதும். அதனால மொத கேள்விக்கு பதில் தெரியாத ஜனங்க எல்லாரும் ரெண்டாவது கேள்விக்கு பதில் சொல்லி, அதையே மொத கேள்விக்கும் பதிலா வச்சிக்கிறாங்க. "இப்படிப்பட்டவ செஞ்சிருப்பா." அவ்ளோதான் விஷயம், மீதி எல்லாம் இதோட கிளைதான்.

உள்ளூர் ஆளுக்கும் இது நடக்கும், ஆனா வெளிநாட்டுக்காரங்களுக்கு ஏன் மோசமா நடக்குதுன்னா, உள்ளூர் ஆள பத்தி பேச நாலு விதமான ஆளு இருக்கும். பள்ளிக்கூட டீச்சர் இருப்பாங்க, மளிகைக்கடைக்காரர் இருப்பாரு, சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரர் இருப்பாரு, பத்து வருஷமா கூட சுத்துன ஃப்ரெண்டு இருப்பான், ஒருத்தர் திட்டுனா இன்னொருத்தர் மறுப்பாரு. அமண்டா பெரூஜாவுக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. காதலன்னு சொல்லப்பட்ட ரஃபேலே சொல்லேச்சித்தோவ பாத்தே ஒரு வாரம்தான் ஆச்சு. அந்த ஊர்ல இவங்கள பத்தி பேச யாரு இருக்கா? கூட தங்குன பொண்ணுங்க, பார்ல பாத்தவங்க, அவ்ளோதான். மிச்சத்துக்கு ரிப்போர்ட்டர்ங்க இன்டர்நெட்டுக்கு போனாங்க. 2007ல ஃபேஸ்புக்கே இன்னும் இங்க எல்லாம் பெருசா வரல, மைஸ்பேஸ்னு ஒண்ணு ஓடிட்டிருந்த காலம். ஒரு மனுஷிய பத்தி கையில இருக்குறதே நாலு துண்டு காகிதம்னா அந்த நாலும் ரொம்ப கனமா தெரியும்ல.

அதுல மொத துண்டு ஒரு பேரு. "ஃபாக்ஸி நாக்ஸி." சின்ன வயசுல ஃபுட்பால் ஆடும்போது டீம்ல வச்ச பட்டப்பேரு, எதுகை மோனைக்கு வச்சது, மைஸ்பேஸ்ல அதையே போட்டிருந்தாங்க. இங்கிலீஷ்ல ஃபாக்ஸின்னா நரி மாதிரின்னும் வரும், கவர்ச்சியான பொண்ணுன்னும் வரும். பிரிட்டிஷ் டேப்ளாய்டுகளுக்கு, அதாவது பரபரப்பு பேப்பர்களுக்கு, இதுக்கு மேல என்ன வேணும், தலைப்பு ரெடி. அது இத்தாலிக்கு போனப்போ "கெட்ட நரி"ங்குற அர்த்தத்துல மொழிபெயர்த்தாங்க. பாருங்க, ஒரு எட்டு பத்து வயசு பொண்ணுக்கு விளையாட்டு மைதானத்துல வச்ச பேரு ரெண்டு பாஷை தாண்டுனதும் குணச்சான்றிதழ் ஆயிடுச்சு. நம்ம ஊர்ல "குண்டன்", "வாத்து", "கரடி"ன்னு பேரு வச்சிட்டு சுத்துற பசங்க வெளிநாடு போய் ஏதாச்சும் சிக்கல்ல மாட்டுனா அதையெல்லாம் யாரு எப்படி மொழிபெயர்ப்பாங்களோ.

ரெண்டாவது, உள்ளாடை. கொலை நடந்த வீட்ட போலீஸ் சீல் வச்சிட்டாங்க, அமண்டாவோட துணிமணி மொத்தமும் உள்ள, போட்டிருந்த துணியோட நிக்கிறாங்க. கடைக்கு போய் ஜட்டி வாங்குனாங்க. கடையோட கேமரா வீடியோ வெளிய வந்துச்சு. "ஃப்ரெண்டு செத்து ரெண்டு நாள்ல காதலனோட உள்ளாடை ஷாப்பிங்"னு செய்தி. மாத்து துணி இல்லாதவங்க வேற என்ன வாங்குவாங்கன்னு ஒருத்தரும் கேக்கல, கேட்டா செய்தி முடிஞ்சிரும்.

மூணாவதா அழாதது. கொலை நடந்த வீட்டுக்கு வெளிய சொல்லேச்சித்தோவோட நின்னு முத்தம் குடுத்துக்கிட்ட காட்சி உலகம் பூரா ஓடுச்சு, போலீஸ் ஸ்டேஷன்ல காத்திருக்கும்போது உடம்ப வளைச்சு எக்சர்சைஸ் பண்ணாங்கன்னும் குட்டிக்கரணம் அடிச்சாங்கன்னும் பேச்சு. துக்கத்துல ஒரு ஆளு எப்படி நடந்துக்கணும்னு ஒவ்வொரு ஊர்லயும் எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல எழவு வீட்டுல சத்தமா அழாத மருமகள பத்தி பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் பேசுவாங்க. இத்தாலியும் இந்த விஷயத்துல லேசுப்பட்ட ஊரு இல்ல, வெளிய எப்படி தெரியிறோங்குறது அங்க பெரிய மானப் பிரச்சனை. அதுல சியாட்டில்ல வளந்த, யோகா பண்ற, கொஞ்சம் கிறுக்குத்தனமான ஒரு பொண்ணு வந்து நின்னா என்ன ஆகும். அழுத ஆளுங்கள்லயே கொலை பண்ணவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, அழாதது குற்றத்துக்கு சாட்சின்னா அழுதது நிரபராதத்துக்கு சாட்சி ஆகணும்ல, அப்படி யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

நாலாவது கொடுமையானது. ஜெயில்ல ரத்தம் எடுத்துட்டு எச்ஐவி இருக்குன்னு சொன்னாங்க. பயந்துபோன பொண்ணு யார்கிட்ட இருந்து வந்திருக்கும்னு யோசிச்சு தன் டைரில இதுவரைக்கும் பழகுனவங்க பேர எல்லாம் எழுதுறா. அப்புறம் டெஸ்ட் தப்பு, எச்ஐவி இல்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா அந்த டைரி வெளிய போயி பத்திரிகைல வந்திருச்சு, வாழ்க்கை மொத்தத்துக்குமான லிஸ்ட்ட இத்தாலி வந்த கொஞ்ச நாளுக்கான லிஸ்ட் மாதிரி எழுதுன பேப்பரும் உண்டு. மெரடித் எப்படி செத்தாங்கங்குறதுக்கும் இந்த லிஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுறதுன்னு சொல்வோமே, இங்க ரெண்டு கையாலயும் போட்டாங்க.

இங்க ஒண்ண கவனிக்கணும், புதுசா யோசிக்கிறவங்க அடிக்கடி தவறவிடுறது. இந்த "அறிகுறி" எல்லாம் எந்த வரிசைல வந்துச்சு? கைதுக்கு முன்னாடி அந்த பட்டப்பேரு சும்மா ஒரு பட்டப்பேரு. மைஸ்பேஸ் பேஜ்ல கல்லூரிக்காக எழுதிப் போட்டிருந்த ஒரு கற்பனைக் கதை சும்மா ஒரு கதை. கைதுக்கு அப்புறம் அதே பேஜ திறந்து படிச்சவங்களுக்கு ஒவ்வொரு வரியும் வேற மாதிரி தெரிஞ்சுது. சொல்லேச்சித்தோவுக்கும் இதே கதிதான், எப்பவோ மாறுவேஷம் போட்டு மம்மி மாதிரி உடம்பு பூரா துணி சுத்திக்கிட்டு கையில வெட்டுக்கத்தியோட எடுத்த ஒரு போட்டோ பேப்பர் பேப்பரா வந்துச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உங்க போன் கேலரிய ஒரு தடவ புரட்டிப் பாருங்க, நாளைக்கு ஒரு ரிப்போர்ட்டர் கையில கிடைச்சா எந்த போட்டோவ எடுப்பான்னு உங்களுக்கே தெரியும்.

சரி, போலீஸ் ஸ்டேஷனுக்கு திரும்ப வருவோம். நவம்பர் 5 ராத்திரி ஆரம்பிச்ச விசாரணைல வக்கீல் கிடையாது. மொழிபெயர்ப்பாளர்னு வந்தவங்க வார்த்தைய மட்டும் மாத்திக் குடுக்காம, தனக்கு முன்னாடி ஒரு விபத்து நடந்து அதிர்ச்சில ஞாபகம் போன கதைய எல்லாம் சொல்லி, "உனக்கும் அப்படி மறந்திருக்கலாம்"ங்குற மாதிரி பேசினாங்க. அந்த மெசேஜ காட்டி காட்டி கேட்டு, விடியக்காலை 1.45க்கு ஒரு வாக்குமூலம், 5.45க்கு இன்னொண்ணு, ரெண்டும் இத்தாலியன்ல, அமண்டா கையெழுத்து. அதுல பார் ஓனர்தான் கொன்னாருன்னு இருக்கு. அன்னிக்கு பின்னாடியே ஒரு பேப்பர்ல இங்கிலீஷ்ல தன் கையால எழுதிக் குடுத்தாங்க, ராத்திரி சொன்னது எனக்கே நிஜமான்னு தெரியல, கனவு மாதிரி இருக்குன்னு. அதுக்குள்ள போலீஸ் கேஸ் முடிஞ்சுதுன்னு பத்திரிகைக்காரங்கள கூப்பிட்டு சொல்லியாச்சு.

அந்த பார் ஓனர் பேரு பேட்ரிக் லுமும்பா. காங்கோல பிறந்தவரு, வருஷக்கணக்கா இத்தாலில இருந்தவரு, கல்யாணமாகி குழந்தை இருக்கு. விடியக்காலைல வீட்டுல வந்து குடும்பத்துக்கு முன்னாடியே பிடிச்சிட்டு போனாங்க. இவர பத்தி ஊர் பேசுனத பாத்தா ஒரு விஷயம் புரியும். அமண்டாவ மாட்ட நாலு துண்டு காகிதமாச்சும் தேவைப்பட்டுச்சு. இவருக்கு அதுகூட தேவைப்படல, ஆப்பிரிக்காக்காரரு, கறுப்பு, ராத்திரி பார் நடத்துறவரு, முடிஞ்சுது. சுவிட்சர்லாந்துல இருந்து ஒரு பேராசிரியர் வந்து "அன்னிக்கு ராத்திரி நான் அவரோட பார்லதான் பேசிட்டிருந்தேன்"னு சொன்ன அப்புறம்தான், ரெண்டு வாரம் கழிச்சு, நவம்பர் 20 அன்னிக்கு விட்டாங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு நம்ம பெரியவங்க சொன்னது இந்த ஆளுக்குதான் அச்சு அசலா பொருந்தும்.

அதே நாள் ஜெர்மனில, மைன்ஸ் பக்கத்துல ரயில்ல டிக்கெட் இல்லாம போன ஒருத்தர பிடிச்சாங்க. ரூடி கெடே. ஐவரி கோஸ்ட்ல பிறந்து சின்ன வயசுலயே பெரூஜா வந்து வளந்தவரு. மெரடித் உடம்புக்கு அடியில இருந்த தலகாணில ரத்தத்துல பதிஞ்ச உள்ளங்கை ரேகை இவரோடது, உடம்புலயும் அறையிலயும் இவரோட டிஎன்ஏ. 2008 அக்டோபர்ல தனி விசாரணைல 30 வருஷம் தண்டனை, மேல்முறையீட்டுல 16 ஆச்சு, 2021ல வெளிய வந்துட்டாரு. அங்க இருந்தாருன்னு அந்த அறை சொன்னது இவர மட்டும்தான்.

இப்ப புத்திசாலி வாசகர் ஒருத்தர் கேப்பாரு, அப்ப பின்னணிய பாக்கவே கூடாதா? பாக்கலாம். எத பாக்குறோங்குறதுலதான் வித்தியாசம். கெடேவோட பின்னணிலயும் ஊர் ரெண்டு விதமா தோண்டுச்சு. ஒண்ணு, ஆப்பிரிக்காக்காரன், அப்பா விட்டுட்டு போனவன், படிப்பு ஏறாதவன், ராத்திரில சுத்துறவன். இது பூரா வம்பு, இதுல கொலைய பத்தி ஒண்ணும் இல்ல, இதே மாதிரி வளந்த ஆயிரம் பேரு யாரையும் கொல்லாம வேலைக்கு போயிட்டு வந்திட்டிருக்காங்க. இன்னொண்ணு, கொலைக்கு அஞ்சு நாள் முன்னாடி மிலான்ல ஒரு நர்சரி ஸ்கூலுக்குள்ள புகுந்து மாட்டுனாரு, கையில சமையல் கத்தி, பையில ஒரு லேப்டாப். அந்த லேப்டாப் பெரூஜால ஒரு வக்கீல் ஆபீஸ்ல திருடு போனது, அங்க மாடி ஜன்னல் கண்ணாடிய கல்லால உடைச்சு உள்ள புகுந்திருந்தாங்க. மெரடித் இருந்த வீட்டுலயும் ஒரு ஜன்னல் கல்லால உடைஞ்சிருந்துச்சு. இது பதிவு ஆன விஷயம், தேதி இருக்கு, பொருள் இருக்கு, நடந்த குற்றத்தோட வந்து ஒட்டுற இடம் இருக்கு. இதையும் கோர்ட்டுல வச்சு குறுக்கு விசாரணை பண்ணிதான் எடுத்துக்கணும், ஆனா இது பின்னணி, அது வம்பு. நான் ஒரு கேஸ் செய்திய படிக்கும்போது இந்த ஒரு சல்லடைய வச்சிதான் பாக்குறேன்: இந்த தகவல் அந்த ராத்திரி அந்த அறையில என்ன நடந்துச்சுன்னு கொஞ்சமாச்சும் சொல்லுதா, இல்ல இந்த ஆள எனக்கு பிடிக்குமா பிடிக்காதான்னு மட்டும் சொல்லுதா.

பிடிக்குறதும் இதே வியாதிதான், அத மறந்துரக்கூடாது. பெரூஜால அமண்டாவ சூனியக்காரின்னு சொன்னப்போ (லுமும்பாவோட வக்கீல் கோர்ட்டுலயே ஏறக்குறைய அப்படித்தான் பேசுனாரு), சியாட்டில்ல வேற பின்னணி தயாராச்சு. நல்லா படிக்கிற பொண்ணு, மூணு நாலு வேலை பாத்து காசு சேத்து இத்தாலி போன பொண்ணு, நம்ம பக்கத்து வீட்டு பொண்ணு. குடும்பம் பிஆர் கம்பெனி (வெளிய நல்ல பேரு வாங்கிக்குடுக்குற கம்பெனி) வச்சாங்க. 2009 டிசம்பர்ல தீர்ப்பு வந்ததும் வாஷிங்டன் மாநில செனட்டர் மரியா கேன்ட்வெல் இத்தாலில அமெரிக்க வெறுப்பு இந்த வழக்க பாதிச்சிருக்குமோன்னு அறிக்கை விட்டாங்க. குடும்பத்த நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளை ஜெயில்ல இருந்தா யாரா இருந்தாலும் அததான் செய்வாங்க. ஆனா "நல்ல பொண்ணு, செஞ்சிருக்க மாட்டா"ங்குறது "கெட்ட பொண்ணு, செஞ்சிருப்பா"ங்குறதோட கண்ணாடி பிம்பம். ரெண்டுலயும் கத்திய பத்தி ஒரு வார்த்தை இல்ல. லுமும்பாவுக்கு அப்படி ஒரு பிஆர் கம்பெனியும் இல்ல, பேச ஒரு செனட்டரும் இல்ல. பணமும் பாஸ்போர்ட்டும் இருந்தா எதிர்ப் பின்னணி தயாரிக்கலாம், இல்லன்னா ஒரு சுவிஸ் பேராசிரியர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

கோர்ட் விஷயத்த சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதுலதான் நிறைய பேரு குழம்புறாங்க. கெடேவோட இவங்க ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சாங்கன்னு அரசுத் தரப்பு சொன்னத ஏத்துக்கிட்டு, 2009 டிசம்பர்ல அமண்டாவுக்கு 26 வருஷம், சொல்லேச்சித்தோவுக்கு 25. 2011 அக்டோபர்ல அப்பீல்ல விடுதலை, கிட்டத்தட்ட 4 வருஷம் உள்ள இருந்துட்டு அமண்டா ஊருக்கு ப்ளைட் ஏறிட்டாங்க. 2013ல உச்ச நீதிமன்றம் அந்த விடுதலைய ரத்து பண்ணுச்சு. 2014 ஜனவரில ஃப்ளோரன்ஸ் கோர்ட் ரெண்டு பேரையும் மறுபடி குற்றவாளின்னு சொல்லி அமண்டாவுக்கு 28 வருஷம் 6 மாசம் போட்டுச்சு. 2015 மார்ச் 27 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் ரெண்டு பேரையும் இறுதியா விடுதலை பண்ணிருச்சு. நடுவுல விடுதலைக்கு பெரிய காரணம், ரோம் பல்கலைக்கழக நிபுணர்ங்க ரெண்டு பேரு டிஎன்ஏ ஆதாரத்த திரும்ப பாத்தது. ப்ரா கொக்கி ஒண்ணு முக்கிய ஆதாரம், அத கொலை நடந்து 46 நாள் கழிச்சு தரையில இருந்து பொறுக்கியிருக்காங்க, மொத நாள் வீடியோல இருந்த இடம் வேற, எடுத்த இடம் வேற. சொல்லேச்சித்தோ வீட்டுல எடுத்த சமையல் கத்தில இருந்ததா சொன்ன டிஎன்ஏ அளவு நம்பி சொல்ற அளவுக்கு இல்லன்னாங்க. பாருங்க, இவ்ளோ பெரிய கேஸ் கடைசில வந்து நின்னது ஒரு கொக்கிய எப்ப, எந்த கையுறை போட்டு எடுத்தாங்கங்குற இடத்துல. ஃபாக்ஸி நாக்ஸிய பத்தி நிபுணர்கிட்ட யாரும் கேக்கல.

இன்னொரு அடிப்படை, வார்த்தை. போலீஸ் சந்தேகப்படுற ஆளு, குற்றம் சாட்டப்பட்ட ஆளு, தண்டிக்கப்பட்ட ஆளு, மூணும் வேற வேற. நம்ம பேப்பர்ல "கொலையாளி கைது"ன்னு ஈஸியா போட்டுடறோம், கைது பண்ணும்போது அவரு கொலையாளின்னு யாரு முடிவு பண்ணது? இத்தாலி அரசியல் சாசனத்துல 27ஆவது பிரிவு, இறுதி தீர்ப்பு வர்ற வரைக்கும் குற்றம் சாட்டப்பட்டவர குற்றவாளியா கருதக்கூடாதுன்னு இருக்கு, கவனிங்க, இறுதி தீர்ப்பு, அதாவது அப்பீல் எல்லாம் முடிஞ்சு. அந்த கணக்குப்படி 2009ல இருந்து 2015 வரைக்கும் அமண்டா ஒரு நாள்கூட சட்டப்படி கொலைகாரி இல்ல. ஆனா அந்த ஊர்ல கொலை வழக்க விசாரிக்கிற கோர்ட்டுல ரெண்டு ஜட்ஜோட ஆறு பொதுஜனமும் உக்காருவாங்க, அவங்கள அமெரிக்கால சில பெரிய கேஸ்ல பண்ற மாதிரி ஹோட்டல்ல பூட்டி வைக்கிறதில்ல, சாயங்காலம் வீட்டுக்கு போவாங்க, டிவி பாப்பாங்க, பேப்பர் படிப்பாங்க. ஒரு வருஷமா நரின்னு பேரு வாங்குன பொண்ண மறுநாள் காலைல புதுசா பாக்குறது மனுஷ மூளைக்கு சாத்தியமான்னு எனக்கு தெரியல.

வெளிநாட்டுல கைதானா ஒரு உரிமை இருக்கு, இது எல்லாரும் தெரிஞ்சு வச்சிக்க வேண்டியது. 1963 வியன்னா தூதரக ஒப்பந்தம், 36ஆவது பிரிவு. உங்கள கைது பண்ணா, உங்க நாட்டு தூதரகத்துக்கு தகவல் சொல்லச் சொல்லி கேக்கலாம், அந்த உரிமை இருக்குன்னு போலீஸ் உங்களுக்கு தாமதம் பண்ணாம சொல்லணும். இத மதிக்காததுக்காக ஜெர்மனி அமெரிக்கா மேல சர்வதேச நீதிமன்றத்துல கேஸ் போட்டு 2001ல ஜெயிச்சிருக்கு, அதுவும் ரெண்டு ஜெர்மன் சகோதரர்களுக்கு அரிசோனால மரண தண்டனை நிறைவேத்துன அப்புறம். தூதரகம் வந்து ஜெயில உடைச்சி வெளிய விடாது, வக்கீல் லிஸ்ட் குடுக்கும், வீட்டுக்கு தகவல் சொல்லும், அவ்ளோதான். ஆனா உங்க பாஷை பேசுற ஒரு ஆளு வந்து உக்காந்தாலே "வரேன்"னா என்னன்னு எடுத்துச் சொல்லலாம்ல.

இதெல்லாம் பழைய கதை, இப்ப ஜனங்க தெளிவாயிட்டாங்கன்னு நெனச்சா, 2024 ஜூலை 29. இங்கிலாந்துல சவுத்போர்ட்ல குழந்தைங்க டான்ஸ் க்ளாஸ்ல கத்திக்குத்து, மூணு சின்ன பொண்ணுங்க செத்துப்போனாங்க. பிடிபட்டவனுக்கு வயசு 17, அதனால பேர போலீஸ் வெளிய சொல்லல. பேரு இல்லாத அந்த காலி இடத்துல சில மணி நேரத்துக்குள்ள யாரோ ஒரு பொய்ப்பேரு போட்டாங்க, முஸ்லிம் பேரு மாதிரி ஒலிக்கிற பேரு, போன வருஷம் படகுல வந்த அகதின்னு கதையும் சேத்து. மறுநாள் ராத்திரி அந்த ஊர் மசூதிய கும்பல் தாக்குச்சு, அப்புறம் பல ஊர்ல கலவரம். பையன் பிறந்தது பிரிட்டன்லயே இருக்குற கார்டிஃப்ல. அதாவது வெளிநாட்டுக்காரர்கிட்ட பின்னணிய தேடுறது போக, இங்க பின்னணிய தயாரிச்சு உள்நாட்டுக்காரன வெளிநாட்டுக்காரனா ஆக்கிட்டாங்க. வதந்திய நிறுத்த ஜட்ஜ் ஆகஸ்ட் 1 அன்னிக்கு பேர வெளியிட அனுமதிச்சாரு. குத்துனது அவன்தான், 2025ல ஒத்துக்கிட்டு ஆயுள் தண்டனையும் வாங்கிட்டான். ஆனா அடி வாங்குனது அவனுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு மசூதி.

இதுக்கு நேர் எதிரும் உண்டு. 2010 டிசம்பர்ல பிரிஸ்டல்ல ஒரு பொண்ணு கொலையானப்போ, வீட்டு ஓனரா இருந்த ரிட்டயர்டு வாத்தியார் கிறிஸ்டோபர் ஜெஃப்ரீஸ பிடிச்சாங்க. தலைமுடி ஒரு மாதிரி, பேச்சு ஒரு மாதிரி, கவிதை பாடம் எடுத்தவரு, கல்யாணம் பண்ணல, போதாதா, டேப்ளாய்டுகள் பிச்சு ஒதறிட்டாங்க. கொன்னது பக்கத்து ஃப்ளாட்ல இருந்த இன்ஜினியர், நெதர்லாந்துக்காரரு. பாக்க சாதாரணமா, நல்ல வேலைல, காதலியோட இருந்தவர யாரும் தோண்டல. எட்டு பேப்பர் ஜெஃப்ரீஸுக்கு நஷ்டஈடு குடுத்துச்சு, ரெண்டு பேப்பருக்கு கோர்ட் அவமதிப்புக்கு அபராதம், மிரருக்கு 50,000 பவுண்டு, சன்னுக்கு 18,000.

இவ்ளோ நேரம் எழுதிட்டு திரும்பி பாத்தா நானே ஒரு தப்பு பண்ணிருக்கேன், மெரடித்த பத்தி மூணு வரிகூட சொல்லல. லண்டன் பக்கம் கூல்ஸ்டன்ல வளந்தவங்க, லீட்ஸ்ல படிச்சு, இராஸ்மஸ்ங்குற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்துல ஒரு வருஷத்துக்கு பெரூஜா வந்தவங்க. அவங்க குடும்பம் ஒவ்வொரு தீர்ப்பு சமயத்துலயும் வந்து சொன்னது இதத்தான், எங்க பொண்ண எல்லாரும் மறந்துட்டாங்கன்னு. குற்றவாளியா இல்லையாங்குற பின்னணிச் சண்டைல செத்தவங்களுக்கு பின்னணியே மிஞ்சாது.

அந்த எஸ்எம்எஸ் கதை மட்டும் பாக்கி. கொலைல இருந்து விடுதலை ஆனாலும், லுமும்பா மேல பொய்யா பழி போட்டதுக்கான 3 வருஷ தண்டனை அமண்டா மேல அப்படியே நின்னுச்சு. 2019ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வக்கீல் இல்லாம, ஒழுங்கான மொழிபெயர்ப்பு இல்லாம விசாரிச்சது உரிமை மீறல்னு சொல்லி, இத்தாலி 18,400 யூரோ குடுக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. அத வச்சு வழக்கு மறுபடி திறந்துச்சு. ராத்திரி எடுத்த ரெண்டு வாக்குமூலமும் செல்லாதுன்னு ஒதுக்கிட்டாங்க, ஆனா பகல்ல தன் கையால இங்கிலீஷ்ல எழுதுன அந்த பேப்பர் மட்டுமே போதும்னு 2024 ஜூன்ல ஃப்ளோரன்ஸ் கோர்ட் மறுபடி குற்றவாளின்னுச்சு, 2025 ஜனவரி 23 அன்னிக்கு ரோம்ல உச்ச நீதிமன்றமும் அத உறுதி பண்ணிருச்சு. அமண்டா அன்னிக்கு அமெரிக்கால இருந்தாங்க. லுமும்பா ரோமுக்கு நேர்லயே வந்திருந்தாரு, தீர்ப்ப கேட்டுட்டு ரொம்ப திருப்தின்னு ரிப்போர்ட்டர்ங்ககிட்ட சொன்னாரு. பார் எப்பவோ மூடியாச்சு. "அப்புறம் பாக்கலாம்"னு அந்த மெசேஜ் வந்து 17 வருஷம் ஆயிருந்துச்சு.